கொடைக்கானல் ஏரியிலிருந்து பாக் விரிகுடாவுக்கு: சிறு பாய்மரப் படகில் தேவிபட்டினம் முதல் தொண்டி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கொடைக்கானலில் பாய் விரித்துப் படகோட்டக் கற்றவர்களுக்கு ஒரு வசதியும் ஒரு குறையும் சேர்ந்தே வாய்த்திருக்கின்றன. 1863-இல் லெவிஞ்ச் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் முயற்சியால் உருவான, ஏறத்தாழ 60 ஏக்கர் பரப்புள்ள இந்த நட்சத்திர வடிவ ஏரியில் காற்று ஒரே திசையில் நீண்ட நேரம் நிலைத்து வீசுவது அரிது. ஏரியின் ஒவ்வொரு கிளையிலும் அது வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும். ஆகவே பாயின் கயிற்றை எங்கும் கட்டிவைக்காமல் கையிலேயே பிடித்திருந்து, நீரின் மேற்பரப்பு கறுப்பதைப் பார்த்தே காற்றின் வரவை அறியும் பழக்கம் இங்கே கற்றவர்களுக்கு விரைவில் படிந்துவிடுகிறது. குறை என்னவென்றால், அலையையும் நீரோட்டத்தையும் இந்த ஏரி கற்றுத்தராது. மணிக்கணக்கில் ஒரே திசையில் படகைச் செலுத்தும் பொறுமையையும் தராது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, காற்றின் உண்மையான எடையை இந்த உயரத்தில் நாம் உணர்வதே இல்லை.

ஏரியில் ஓரளவு தேர்ச்சி பெற்ற இருவர் அல்லது மூவர், 14 முதல் 16 அடி நீளமுள்ள திறந்த பாய்மரப் படகில், இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் ஒரு பகற்பொழுதில் முடியும் பயணத்தை மேற்கொள்வதற்கு உரிய வழிகாட்டி இது. தேவிபட்டினத்திலிருந்து தொண்டி வரை உள்ள பகுதியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் உண்டு. பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. மன்னார் வளைகுடாவைப்போல் பெருங்கடலின் நீண்ட அலை நேராக வந்து மோதாது. வழியெங்கும் மீனவ ஊர்கள் இருப்பதால் கரையேற இடம் கிடைக்கும். பாம்பன் கால்வாயைக் கடக்க வேண்டியதும் இல்லை. அங்குள்ள நீரோட்டமும் பாலங்களும் முதல் பயணத்துக்கு உரியவை அல்ல.

பருவத்தைத் தீர்மானித்தல்

படகைவிடப் பருவமே முதலில் முடிவு செய்யப்பட வேண்டியது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும் காலம். புயலும் தாழ்வழுத்தமும் வரும் மாதங்கள் அவை. கடலோர மக்கள் வாடை என்று சொல்லும் அந்த வடகாற்று தொண்டிக்குச் செல்பவரின் முகத்துக்கு நேராக வீசுவதோடு, ஆழமற்ற விரிகுடாவில் குட்டையான செங்குத்தான அலைகளையும் எழுப்பும். அந்த மாதங்களைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் எனப்படும் மேற்குக் காற்றின் காலம். நிலத்தின் மேலிருந்து வருவதால், அப்போது கரையோர நீர் கண்ணாடிபோல் தெரியும். மலையிலிருந்து வருபவர்களை ஏமாற்றுவது இந்தத் தோற்றம்தான். நிலத்திலிருந்து கடல் நோக்கி வீசும் காற்றில் கரைக்கு அருகே அலை எழாது. ஆனால் பாய் கிழிந்தாலோ சுக்கான் உடைந்தாலோ படகு கிழக்கே அடித்துச் செல்லப்படும். கிழக்கே இருப்பது 1974-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் வரையறுக்கப்பட்ட இந்திய–இலங்கைக் கடல் எல்லை. எல்லை தாண்டிய மீனவர்கள் கைதாகும் செய்தி அடிக்கடி வரும் கடற்பகுதியில், படகு பழுதாகிவிட்டது என்ற விளக்கத்தை நம்பி ஒரு பயணத்தைத் திட்டமிடக் கூடாது.

எஞ்சியிருப்பது பிப்ரவரி நடுப்பகுதி முதல் ஏப்ரல் தொடக்கம் வரையான காலம். வாடை தளர்ந்திருக்கும், விடியற்காலையில் நிலத்திலிருந்து மெல்லிய காற்றும், முற்பகலுக்குப் பின் கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ கடற்காற்றும் வீசும். ஏறத்தாழ வடகிழக்கு நோக்கிச் செல்லும் நமக்கு இந்தக் கடற்காற்று பக்கவாட்டிலோ சற்றுப் பின்னாலோ வந்து சேருவதால் படகு இயல்பாக ஓடும். இதிலும் ஓர் ஆபத்து உண்டு: இது கரையை நோக்கித் தள்ளும் காற்று. இருப்பினும், மணலும் சேறுமான ஆழமற்ற கரையில் தரைதட்டுவதா, எல்லையை நோக்கி மிதந்து செல்வதா என்று கேட்டால், முன்னதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கடல் வெறிச்சோடியிருக்கும் என்று எண்ணி அந்த நாட்களைச் சிலர் விரும்பலாம். உதவிக்கு வரக்கூடிய படகுகளும் அப்போது குறைந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது.

அனுமதி

இந்தக் கடற்கரை காவல் மிகுந்தது. பயண நாளுக்குப் பல வாரங்கள் முன்னதாகவே, படகின் விவரம், பதிவெண், செல்வோரின் பெயர், முகவரி, ஆதார் நகல், புறப்படும் இடம், சேரும் இடம், நேரம் ஆகியவற்றை எழுதிக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் காவல் நிலையத்திலும், இந்தியக் கடலோரக் காவல்படையிடமும், மீன்வளத்துறை அலுவலகத்திலும் கொடுத்து, எழுத்து வடிவில் பதில் பெற வேண்டும். வாய்மொழிச் சம்மதம் போதாது. பதில் வராவிட்டால் பயணமும் இல்லை. செயற்கைக்கோள் தொலைபேசியையோ செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவியையோ உரிய அரசு அனுமதி இல்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு உறவினர் அன்பளிப்பாகத் தந்த கருவியாக இருந்தாலும் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரவும்.

ஏரியில் செய்ய வேண்டிய பயிற்சி

கொடைக்கானல் ஏரியில் சொந்தப் படகை இறக்குவதற்கு முன் உரிய அனுமதி பெற வேண்டும். சுற்றுலாப் படகுகள் இறங்காத அதிகாலையே பயிற்சிக்கு ஏற்றது. முதற்பயிற்சி, பாயைச் சுருக்குவது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சுமார் 790 ஹெக்டோபாஸ்கல் மட்டுமே. கடற்கரையில் அது 1,010 அளவில் இருக்கும். வெப்பநிலை வேறுபாட்டையும் கணக்கில் கொண்டாலும், ஒரே வேகத்தில் வீசும் காற்று கடற்கரையில் பாயின்மேல் ஏறத்தாழ 5-இல் 1 பங்கு கூடுதல் விசையுடன் அழுத்தும். கடலில் 12 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வீசும் காற்று, ஏரியில் 13 நாட்டுக்கும் சற்று மேற்பட்ட காற்றின் பலத்தைக் காட்டும் என்று கொள்ளலாம். பார்வைக்குச் சிறிய வேறுபாடுதான். ஆனால் ஏரியில் "இன்னும் தாங்கும்" என்று நாம் பழகிவைத்த எல்லைக்கோடு அங்கே பொருந்தாது. எனவே ஏரியில் எந்தக் காற்றில் பாயைச் சுருக்குவோமோ, அதற்கு ஒரு படி முன்னதாகவே சுருக்கும் பழக்கத்தை இங்கிருந்தே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். கரையில் கட்டி நிற்கும் படகில் சுருக்கிப் பார்ப்பது பயிற்சி ஆகாது. நடு ஏரியில், படகு ஆடிக்கொண்டிருக்கும்போது, ஒருவர் சுக்கானைப் பிடித்திருக்க மற்றவர் 3 நிமிடத்துக்குள் பாயை இறக்கிச் சுருக்கி மீண்டும் ஏற்றும் வரை பழக வேண்டும்.

இரண்டாவது பயிற்சி, கவிழ்ந்த படகை நிமிர்த்துவது. ஏரி நீர் குளிர்ந்தது. ஒருமுறை நிமிர்த்திவிட்டு உடனே கரையேறி உடை மாற்றிக்கொண்ட பிறகே அடுத்த முறைக்கு இறங்க வேண்டும். நிமிர்த்துவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. படகுக்குள் நிறைந்த நீரை வாளியால் இறைத்து, மீண்டும் பாய் விரித்து ஓட்டும் வரை செய்து பார்க்க வேண்டும். வாளி கயிற்றால் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதை முதல் கவிழ்ச்சியே எல்லோருக்கும் கற்பித்துவிடும். நீரில் விழுந்தவரைத் தூக்கி ஏற்றுவது அதைவிடக் கடினம். படகின் பின்புறத்தில் கால் வைத்து ஏறக் கயிற்றில் கண்ணி ஒன்று கட்டிவைத்தால், சோர்ந்தவரும் தானே ஏறிவிடலாம்.

மூன்றாவது, திசைகாட்டியைப் பார்த்து ஓட்டுவது. இதற்கு நம் மூடுபனியே துணை. எதிர்க்கரை மங்கலாகத் தெரியும் காலை நேரத்தில், சுற்றிலும் வேறு படகு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, துடுப்பு வலித்தபடியே திசைகாட்டியை மட்டும் நம்பி ஏரியின் ஒரு கிளையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லலாம். முள் 5 பாகை விலகினால் கண் உடனே அறிய வேண்டும். தமிழகத்தின் தென்பகுதியில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறிது. சிறு படகில் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

பாதையைத் தாளில் வரைதல்

டேராடூனில் உள்ள தேசிய நீர்வரைவியல் அலுவலகம் வெளியிடும் கடல் வரைபடமே அடிப்படை. கைபேசி வரைபடம் கரையின் வடிவத்தைக் காட்டுமே தவிர ஆழத்தைக் காட்டாது. அட்சரேகையின் ஒரு கலை (ஒரு பாகையின் 60-இல் 1 பங்கு) என்பது ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர், வரைபடத்தின் பக்கவாட்டு அளவுகோலில் கவராயத்தை வைத்து அளந்தால் தொலைவு தானே கிடைக்கும். தேவிபட்டினத்திலிருந்து தொண்டிக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 17 கடல் மைல். ஆனால் அந்த நேர்கோடு வழியில் கரையை உரசுவதுபோல் செல்வதால், முதலில் கிழக்கே ஒரு மைலுக்குச் சற்று மேல் விலகி, பிறகு வடக்கு–வடகிழக்காகத் திரும்ப வேண்டும். அந்த விலகலையும் சேர்த்து 19 மைல் என்று வைத்துக்கொள்ளலாம்.

சிறு படகின் சராசரி வேகத்தை மணிக்கு 3.5 மைலுக்கு மேல் கணக்கிடுவது தற்பெருமை. அப்படியானால் 5 மணி 30 நிமிடம் ஆகும். காலை 6 மணி 30-க்குப் புறப்பட்டால் நண்பகலை ஒட்டிச் சேர்ந்துவிடலாம். பிற்பகலில் கடற்காற்று உச்சம் பெறுவதற்கு முன் கரையில் இருப்போம். வழியில் உள்ள திருப்பாலைக்குடி, மோர்ப்பண்ணை, காரங்காடு, முள்ளிமுனை, நம்புதாளை ஆகிய ஊர்களைத் தாளில் குறித்து, ஒவ்வொன்றின் எதிரேயும் எத்தனை மணிக்கு இருக்க வேண்டும் என்று எழுதிவைக்க வேண்டும். 10 மணிக்குள் பாதித் தொலைவு கடக்கவில்லையென்றால் தொண்டியை மறந்துவிட்டு அருகிலுள்ள ஊரில் கரையேறுவது என்ற முடிவைக் கொடைக்கானலிலேயே எடுத்து, தாளில் எழுதி, எல்லோரும் கையொப்பமிடுவது நல்லது. கடலில் வைத்து எடுக்கும் முடிவில் ஆசை கலந்துவிடும். அதேபோல், கரையிலிருந்து 3 மைலுக்கு மேல் கிழக்கே எக்காரணத்தைக் கொண்டும் செல்வதில்லை என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

தாளின் ஒரு நகல் மலையில் பொறுப்பான ஒருவரிடம் இருக்கட்டும். புறப்படும்போதும், 10 மணிக்கும், கரையேறியதும் அவருக்கு அழைப்பு வரும். பிற்பகல் 2 மணி வரை கரையேறிய செய்தி வராவிட்டால் அவர் நம்மைத் தொடர்ந்து அழைத்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணையும், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 என்ற எண்ணையும் அழைக்க வேண்டும்.

மலையிலிருந்து இறக்குதல்

பாய்மரம் இரண்டாகப் பிரியும் படகாக இருந்தால், 14 அடி தளமுள்ள சரக்கு லாரியே போதும். கேரட்டும் பீன்ஸும் ஏற்றி இறங்கும் ஓட்டுநர்களுக்கு வத்தலக்குண்டு மலைச்சாலையின் ஒவ்வொரு வளைவும் தெரியும். சாக்குகளையும் வைக்கோலையும் அடியில் பரப்பி, படகின் அடிப்பாகம் எந்த இரும்பின்மேலும் படாமல் நான்கு இடங்களில் கட்ட வேண்டும்.

பலரும் கவனிக்கத் தவறுவது காற்றழுத்த மாற்றம். மலையில் இறுக்கமாக ஊதிய மிதவைப் பை சமவெளிக்கு வந்ததும் ஏறத்தாழ 5-இல் 1 பங்கு சுருங்கித் தளர்ந்துவிடும். கவிழ்ந்த படகை மூழ்காமல் தாங்குவது அந்தப் பைதான் என்பதால், கடற்கரையில் அதை மீண்டும் ஊதி, ஓரிரவு வைத்துப் பார்த்து, கசிவு இல்லை என்று அறிந்த பிறகே படகில் கட்ட வேண்டும். காற்றுப்புகாத அறைகள் உள்ள ஃபைபர் படகு என்றால், லாரி புறப்படும் முன் அவற்றின் மூடிகளைத் திறந்துவிட வேண்டும். இல்லையேல் கீழிறங்கும்போது வெளியழுத்தம் சுவர்களை உள்நோக்கி அழுத்தி, மெல்லிய ஒட்டுகளில் விரிசல் உண்டாக்கலாம். திரும்பி மேலேறும்போது நேர் எதிர்: கடற்கரையில் இறுக ஊதிய பை பெருமாள்மலையை எட்டுவதற்குள் வெடிக்கும் அளவுக்கு உப்பிவிடும். காற்றழுத்தமானி உள்ள கைக்கடிகாரத்தையும் கடற்கரையில் புதிதாகச் சரிசெய்துகொள்ள வேண்டும். அதன் முதல் அளவை எழுதிவைத்தால்தான் அடுத்த நாள் அழுத்தம் குறைகிறதா என்று தெரியும்.

உடலுக்கும் இதே கவனம் தேவை. ஸ்வெட்டரோடு வாழும் உடம்பு கடற்கரை வெயிலுக்கு ஒரே நாளில் பழகாது. குறைந்தது 3, 4 நாட்கள் முன்னதாகச் சென்று, காலையும் மாலையும் வெயிலில் நடந்து, வியர்வை சீராக வரும் வரை காத்திருப்பது நல்லது. பயண நாளுக்கு ஆளுக்கு 5 லிட்டர் குடிநீரும், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களும் வேண்டும். முழுக்கை உடை வெயிலுக்காக மட்டுமன்று. கடலில் விழுந்தால் சொறி எனப்படும் இழுதுமீன் உடலில் உரசாமல் காக்கவும் அது உதவும்.

முந்தைய நாள்

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மீனவர் எச்சரிக்கையையும், ஹைதராபாத்தில் உள்ள, கடல் தகவல்களை வழங்கும் இன்காய்ஸ் நிறுவனத்தின் அலை முன்னறிவிப்பையும் காலை, மாலை இருவேளையும் பார்க்க வேண்டும். பாம்பனில் எந்த எண் கூண்டு ஏற்றப்பட்டிருந்தாலும், அது 1-ஆம் எண்ணாகவே இருந்தாலும், பயணத்தை ஒத்திவைக்கவும். அதன்பின் கடற்கரைக்குப் போய், வலை பழுதுபார்க்கும் மூத்த மீனவர் எவரிடமேனும், "அண்ணே, நாளைக்குக் காத்து எப்பத் திரும்பும்?" என்று கேட்க வேண்டும். எந்த முன்னறிவிப்பும் சொல்லாத மணிக்கணக்கு அவரிடம் கிடைக்கும். பாக் விரிகுடாவில் விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் வாரத்தில் வெவ்வேறு நாட்களில் தொழிலுக்குச் செல்லும் வழக்கம் உண்டு. நாட்டுப்படகு நாளில் கரையோரம் வலைகள் மிகுந்திருக்கும். ஆனால் உதவிக்கு ஆளும் இருக்கும். முதல் பயணத்துக்கு அந்த நாளே சிறந்தது. ஒரு நாட்டுப்படகைக் கூலி பேசி உடன் வரச் செய்வது கௌரவக் குறைவு அன்று. முதல் முறை துணைப்படகு இல்லாமல் செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் படகுக்காரருடைய ஒருநாள் பிடிப்பின் மதிப்பைக் கூலியாகத் தருவதே நியாயம்.

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நவக்கிரகங்களாக வழிபடப்படும் கற்கள் உள்ள நவபாஷாணத்தில் நீராடும் பக்தர்கள் இருக்கும் பகுதியை விட்டுத் தள்ளியே படகை இறக்க வேண்டும். தை அமாவாசை போன்ற நாட்களைத் தவிர்ப்பதே உசிதம்.

படகில் இருக்க வேண்டியவை: ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், அதில் கட்டிய விசில், இரண்டு துடுப்பு, நங்கூரமும் 30 மீட்டர் கயிறும், வாளி, கூர்மையான கத்தி, காலாவதியாகாத ஒளிச் சமிக்ஞைகள், செந்நிறத் துணி, நீர்புகாப் பையில் கைபேசி, விஎச்எஃப் வானொலி (படகுகள் பேசிக்கொள்ளும் கருவி) இருந்தால் அதன் உரிமம். ஜாக்கெட் கரையிலேயே அணியப்பட வேண்டியது.

கடலில்

முதல் ஒரு மணி நேரம் பெரும்பாலும் மந்தமானது. நிலக்காற்று மெலிந்து ஓயும், கடற்காற்று இன்னும் எழாது. அந்த இடைவெளியில் துடுப்பு வலித்துக் கிழக்கே விலகிக்கொள்ளலாம். ஆழம் பார்க்க, பாகத்துக்கு ஒன்றாக முடிச்சிட்ட கயிற்றில் ஈயக் குண்டு கட்டி இறக்குவதே போதும். ஒரு பாகம் என்பது சுமார் 6 அடி. ஒரு பாகத்துக்குக் குறைந்தால் வெளியே செல்லவும். இங்கே ஏற்றவற்றத்தின் வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவுதான் என்றாலும், முழங்கால் ஆழத்தில் அரைக் கிலோமீட்டர் நீளும் கரைகளில் அந்தச் சிறு வேறுபாடே படகு மிதக்குமா, அமருமா என்பதைத் தீர்மானிக்கும்.

கடற்காற்று எழும் நேரமே நாளின் முக்கியமான நேரம். கிழக்கே நீர் கறுத்து வருவது தெரிந்தவுடன், காற்று வந்து சேரும் முன்னரே பாயைச் சுருக்கிவிட வேண்டும். தேவையில்லை என்று பின்னர் தெரிந்தால் மீண்டும் விரிப்பது எளிது. ஏரியில் காற்றின் வீச்சு சில நொடிகளில் ஓய்ந்துவிடும். இங்கே வந்த காற்று மாலை வரை நிற்கும். பக்கவாட்டு அலை படகைத் தூக்கும்போது சுக்கானை இறுகப் பிடித்துப் போராடாமல், அலை கடந்தபின் திசையைச் சரிசெய்தால் கை சோராது. படகின் அடியில் நீருக்குள் நீண்டு, பக்கவாட்டில் நழுவாமல் காக்கும் நடுப்பலகையைப் பாதி தூக்கி வைத்திருந்தால், எதிர்பாராமல் தரைதட்டினாலும் சேதம் இராது.

கண் எப்போதும் முன்னே 200 மீட்டர் தூரத்தில் இருக்கட்டும். நண்டு வலையின் மிதவைகள், நீரில் தாழ்ந்து கிடக்கும் கடற்பாசி வளர்ப்பு மூங்கில் தெப்பங்கள், கடலில் நட்ட கழிகள் ஆகியவை எந்த வரைபடத்திலும் இல்லை. வலையைக் கடக்க நேர்ந்தால் நடுப்பலகையையும் சுக்கானையும் உயர்த்திக்கொண்டு, மிதவைகளுக்கு நடுவே குறுக்காகச் செல்லலாம். சிக்கினால் வலையை அறுக்காமல் பாயை இறக்கிவிட்டுப் பொறுமையாக விடுவிக்க வேண்டும். அது ஒரு குடும்பத்தின் முதலீடு.

காரங்காட்டின் அலையாத்திக் காடு மேற்கே பச்சைக் கோடாகத் தெரியும்போது பாதிக்குச் சற்று மேல் கடந்திருப்போம். கோட்டக்கரை ஆறு கலக்கும் அந்த முகத்துவாரம் ஒதுங்குவதற்கு உகந்ததாகத் தோன்றினாலும், உள்ளூர்க்காரர் வழிகாட்டாமல் நுழைந்தால் சேற்றில் அமர நேரும். நங்கூரம் இட வேண்டியிருந்தால், கடற்புல் இல்லாத மணலையோ சேற்றையோ தேர்ந்து, ஆழத்தைப்போல் குறைந்தது 5 மடங்கு கயிறு விடவும்.

தொண்டியை அடைதல்

நம்புதாளையைத் தாண்டியதும் விசைப்படகுகளின் போக்குவரத்து கூடலாம். அவர்களுக்கு வழிவிட்டு, கரைக்கு அரை மைல் இருக்கும்போதே முன்பாயை இறக்கி, பெரும்பாயில் மட்டும் மெதுவாகச் செல்ல வேண்டும். கரையை நோக்கித் தள்ளும் காற்றில் முழுப் பாயோடு கரையேறக் கூடாது. காற்றுக்கு எதிரே படகைத் திருப்பி, பாயை முழுவதும் இறக்கிவிட்டு, துடுப்பால் உள்ளே செல்வதே முறை. நீர் இடுப்பளவு ஆனதும் ஒருவர் இறங்கி அணியத்தை, அதாவது படகின் முன்முனையைப் பிடித்துக்கொள்ளலாம்.

கரையேறியதும் மலையில் காத்திருப்பவருக்கும் காவல் நிலையத்துக்கும் தகவல் சொல்ல வேண்டும். அதன்பிறகு பாய், கயிறு, உலோகப் பகுதிகள் அனைத்தையும் நன்னீரில் அலச வேண்டும். உப்பு படிந்த பாயை மடித்துக் கொடைக்கானலின் ஈரக்காற்றுக்குக் கொண்டுபோனால் அது ஒருபோதும் உலராது. தொண்டிக்கு வடக்கே மீமிசல், கோட்டைப்பட்டினம் நோக்கி அடுத்த பயணத்தைத் திட்டமிடுவோர், புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டிருப்பதை வரைபடத்தில் குறித்துக்கொண்டு, வனத்துறையிடமும் தனியே விண்ணப்பிக்க வேண்டும்.